காதோரப் பென்சில்

தளவாய்புரத்து நைட்டி தைக்கும் கொட்டகையில் சாப்பாட்டு நேரம், மிஷின்கள் ஓய்ந்திருக்கின்றன. தகரக்கூரை இடுக்கில் இறங்கும் வெயிலில் துணித்தூசி மினுங்குகிறது. புதுப் போனுக்கு வந்த முதல் வீடியோ காலைப் பாண்டிசெல்வி எடுத்து, பழக்கதோஷத்தில் காதில் வைத்துக்கொள்கிறாள். மஸ்கட்டிலிருந்து புருஷன் மாரிச்சாமியின் குரல் கொட்டகைக்கே கேட்கிறது. "காதுல பென்சிலச் சொருகிக்கிட்டேவா சாப்பிடுத?" அவள் திடுக்கிட்டு வாசலைத் திரும்பிப் பார்க்கிறாள். இரண்டு வருஷமாகக் கண்ணில் படாத மனுஷன் அங்கே வந்து நிற்கிறானோ என்று ஒரு கணம். வாசலில் வெயில்தான் நிற்கிறது. பக்கத்து மிஷின்காரி தங்கபாய் சிரித்துக்கொண்டே போனை வாங்கி, அவள் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். கண்ணாடிக்குள் மாரிச்சாமி, வாயெல்லாம் பல்லாக. பாண்டிசெல்வி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாள். "மூஞ்சிய மூடுனா, பொறவு காதையே காட்டுட்டி. அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு." கொட்டகையே சிரிக்கிறது. முந்தானையை விலக்காமலே, பென்சிலை மட்டும் உருவிவிட்டு, அவள் காதைத் திருப்பிக் காட்டுகிறாள்.