611-ல் இரண்டு பேர்

மகளுடைய ஸ்கூல் யூனிஃபார்ம் காலரை அவள் நீவிவிட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. உட்கார்ந்தவனைப் பார்த்ததும் அவள் கை அப்படியே நின்றுவிட்டது. அண்ணன்!

ஏழு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவனோ நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவன் மாதிரி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். அவனுக்கு அந்தப் பக்கம் அவன் பையன், செல்போனில் தலையைப் புதைத்தபடி.

"அட, தங்கச்சி! நீயும் மெடிக்கல் கவுன்சலிங்குக்கா?"

"ஆமாண்ணா."

"பாப்பா நல்லா வளந்துட்டாளே! ஏன், வேற நல்ல டிரஸ் ஒண்ணும் இல்லையா? யூனிஃபார்ம்லயே கூட்டிட்டு வந்துட்ட?"

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவள் மகளின் தொடையில் லேசாகக் கிள்ளினாள். வாய் மூடிக்கொண்டது.

எதிரே பெரிய திரையில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. மீதி இடம்: 3. மேடையில் யாரோ ஒரு தாய் மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீதி இடம்: 2.

அண்ணன் அவள் மடியிலிருந்த ஃபைலை எட்டிப் பார்த்தான். அட்டையில் எழுதியிருந்த விண்ணப்ப எண்ணைப் படித்ததும் புருவம் மேலே ஏறியது.

"611 மார்க் எடுத்த அந்த இன்னொரு ஆள் நீங்கதானா? நோட்டீஸ் போர்டுல பேரில்லாம வெறும் அப்ளிகேஷன் நம்பரப் போட்டு வச்சிருந்தான். எந்தப் புண்ணியவானோன்னு காலைலேர்ந்து மண்டை காயுது!"

"நாங்கதான்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், இப்பவே மனசத் தேத்திக்க. மொத்த மார்க் சமம். பயாலஜி மார்க்கும் சமம். அதுக்கப்புறம் வயசுதான் பார்ப்பாங்க. யார் மூத்தவங்களோ அவங்களுக்கு சீட். இப்பதான் வயசு வரம்பே எடுத்தாச்சே! அதான் நம்மாளை மூணாவது தடவையா எழுத வச்சேன். இருபத்தொண்ணு முடிஞ்சுது. பாப்பாவுக்கு என்ன ஆச்சு?"

"பதினேழு நடக்குது."

அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தான். "போச்சு போ! உனக்கு அன்னைக்கு அரை மார்க்குல போச்சு. இன்னைக்கு வயசுல போகுது. மெடிக்கல் சீட்டுக்கும் உன் வீட்டுக்கும் ராசியே இல்ல தங்கச்சி!"

அரை மார்க்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே இவன் சொன்ன வார்த்தை. 'லிஸ்ட் பார்த்துட்டேன். கட்-ஆஃப்ல உனக்கு அரை மார்க் குறையுது.' அவள் மூன்று நாள் சாப்பிடாமல் அழுதாள். மூன்றாவது மாதம் கல்யாணம்.

அதற்கு முந்தைய வருடம் கட்-ஆஃபைத் தொட முடியாமல் திரும்பியவன் இவன். இன்று வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மருந்துக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். பாதித் தெரு 'டாக்டரே' என்றுதான் கூப்பிடுகிறது. அவள் ஒரு லேபில் ஊரார் ரத்தத்தைக் குழாயில் பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"அரை மார்க் குறையலண்ணா" என்றாள் நிதானமாக. "அப்பா வீட்டைக் காலி பண்ணப்ப உன் பழைய புஸ்தகப் பெட்டியில ஒரு கவர் கெடச்சுது. என் பேருக்கு வந்த கவுன்சலிங் லெட்டர். பிரிச்சுப் படிச்சுட்டு அடியில சொருகி வச்சிருந்த."

அண்ணன் முகம் வெளுத்தது. ஒரே ஒரு நொடிதான்.

"ஓ, அதுக்குத்தான் ஏழு வருஷமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டியா? சரி, ஒளிச்சு வச்சேன். எனக்கே கெடைக்காத சீட்டு எனக்குப் பின்னாடி பொறந்தவளுக்குக் கெடச்சா, நான் வெளிய தலைகாட்ட வேணாமா?"

"தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"சொல்லிட்டாப் போச்சு. முதல்ல இவன் சீட்டை வாங்கிட்டு வரட்டும்." கண்ணடித்தான்.

அந்தக் கண்ணடிப்பு அவளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச ஈரத்தையும் துடைத்துப் போட்டது.

மீதி இடம்: 1.

ஒலிபெருக்கி கரகரத்தது. "மார்க் 611. ரெண்டு பேரும் ஒரிஜினல் சர்டிஃபிகேட்டோட மேடைக்கு வாங்க. பிறந்த தேதி சரிபார்க்கணும். கூட வந்தவங்க இருந்த இடத்துலயே இருங்க."

"போடா ராஜா, உன் சீட்டுடா அது!" என்று பையனின் முதுகில் அண்ணன் ஓங்கித் தட்டினான். பையன் செல்போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு வேண்டாவெறுப்பாக எழுந்தான். அந்தப் பையன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் இரக்கம் இன்றைக்கு லீவு போட்டிருந்தது.

அவள் ஃபைலை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

"ஏய், நீ எங்க போற?" பின்னாலிருந்து அண்ணன் கத்தியதில் ஹாலே திரும்பிப் பார்த்தது. "அம்மாக்களெல்லாம் மேடைக்குப் போகக் கூடாது. பாப்பாவை அனுப்பு!"

மேடையின் முதல் படியில் கால் வைத்தவள் நின்றாள். திரும்பி அவன் முகத்தை அவசரமே இல்லாமல், ஆசை தீரப் பார்த்தாள்.

"அவ பதினொண்ணாவதுதான் படிக்கிறாண்ணா. பரீட்சை எழுதினது நான்."