சீல் வைக்கும் வரை

ஐந்தாவது பாட்டிலும் காலி. அவள் உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினாள். இன்னும் வரவில்லையாம்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடம்.

என் வேலையைச் சொன்னால் சம்பந்தி வீட்டில்கூடச் சிரிக்கிறார்கள். சைக்கிள் பந்தயம் முடிந்ததும் வீராங்கனையோடு ஒட்டிக்கொண்டு, ஊக்கமருந்துச் சோதனை அறைக்கு அழைத்து வந்து, அவள் சிறுநீர் கொடுக்கும்வரை கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பது. சிரிக்கட்டும். புதிதாக வேலைக்கு வரும் பெண்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். கோட்டைத் தாண்டினால் பந்தயம் முடிந்தது என்று நினைக்காதீர்கள். குப்பிக்குச் சீல் வைத்தால்தான் முடியும்.

முதலில் வந்தவரைக் கட்டாயம் சோதிப்போம். மற்றவர்களில் யார் என்பதைக் குலுக்கிப் போட்டு எடுப்போம்.

குலுக்கலில் இவள் என்னிடம் நான்கு தடவை மாட்டியிருக்கிறாள். இந்த அறையில் இவளைப்போல் சட்டென்று காரியத்தை முடித்தவர் கிடையாது. "பஸ் நிக்குது மேடம்" என்று சொல்லிக்கொண்டே வருவாள். ஐந்து நிமிடத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுவாள்.

இன்றைக்கு அணியின் அதே பஸ் வெளியே இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டது. அவள் நகரவில்லை.

வயது முப்பத்தெட்டு. பதினாறு வருடமாக இதுதான் பிழைப்பு. அணியில் அவளுக்குப் பெயர் குடம். சாலைப் பந்தயத்தில் பின்னால் வரும் அணியின் காருக்குப் போய் எட்டுப் பாட்டில் வாங்குவாள். சட்டைக்குள்ளும் முதுகிலும் செருகிக்கொண்டு, மூச்சிரைக்க மறுபடி முன்னால் போய் ஆளுக்கொன்று கொடுப்பாள். ட்ராக்கில் நால்வர் பந்தயம் என்றால் முதல் ஆளாகப் போய், காற்றையெல்லாம் தன் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, பாதியில் ஒதுங்கிவிடுவாள். மூன்று பேர் முடித்தால் போதும் என்பது கணக்கு. பதக்கம் இவள் கழுத்திலும் விழும். கோட்டைத் தாண்டும் படத்தில் மட்டும் இருக்க மாட்டாள்.

பள்ளிப் படிவத்தில் அம்மாவின் தொழில் என்ற இடத்தில் இவள் மகள் 'தண்ணீர் கொண்டு போவது' என்று எழுதினாளாம். போன தடவை இவளே சொல்லிச் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். வீட்டுக்குப் போன பிறகு ஏனோ சிரிப்பு வரவில்லை.

இன்று அவளுக்குக் கடைசிப் பந்தயம். திங்கட்கிழமை முதல் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை.

இன்றும் கடமைக்குத்தான் முன்னால் போனாள். மற்ற அணிகள் துரத்திக் களைத்துப் போகட்டும் என்று அனுப்பியிருந்தார்கள். ஒருவரும் துரத்தவில்லை. குடம்தானே, போய்விட்டு வரட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்தவர்களுக்காகவே காற்றைக் கிழித்துப் பழகிய கால்கள் ஒருநாள் தமக்காகக் கிழித்தால் என்ன ஆகும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாற்பது கிலோமீட்டர் தனியாக ஓட்டினாள். அவள் கோட்டைத் தாண்டியபோது பின்னால் சாலை காலியாகக் கிடந்தது.

அப்போதும் கையைச் சரியாகத் தூக்கவில்லை. நிறைகுடம் தளும்பாது என்று சும்மாவா சொன்னார்கள். என்னுடையதோ எந்தப் பக்கமும் சாயக்கூடாத வேலை, கை தட்டக்கூடாது. மனதுக்குள் தட்டிக்கொண்டேன்.

எட்டு வருடமாக இவள் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த அணித் தலைவிதான் இன்று கதவருகே பாட்டிலோடு வந்து நின்றாள். ஒன்று காலியானதும் ஓடிப்போய் அடுத்ததைக் கொண்டு வந்தாள். முதல் பாட்டிலை நீட்டியபோது இரண்டு பேருமே எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்கள். இடம் மாறி நிற்பது பழக்கமில்லை.

குடித்துவிட்டு அவள் மேசைமேல் இருந்த படிவத்தை மறுபடி இழுத்துப் பார்த்தாள். எத்தனையாவது தடவையோ. 'தேர்வுக்கான காரணம்' என்ற வரிக்குக் கீழே இரண்டு கட்டங்கள்: முதலிடம், குலுக்கல். மேலே இருந்த கட்டத்தில் நான் போட்ட டிக்கின்மேல் விரலை வைத்துக்கொண்டு, ஒரு பிரதி வீட்டுக்குத் தருவீர்கள்தானே என்று கேட்டாள். மகளுக்குக் காட்டவாம். தருவோம் என்றேன்.

பஸ் மூன்றாவது முறை ஹாரன் அடித்தது.

எழுந்தாள். உள்ளே போனோம். கோப்பையைப் பிடித்த அடுத்த நொடி அது நிறைந்துவிட்டது. நிறைந்தும் நிற்கவில்லை.

நான் அவளையே பார்த்தேன். பார்ப்பதுதான் என் வேலை.

"முதல் பாட்டில்லயே வந்துருச்சு மேடம்" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

படிவத்தில் தாமதத்துக்கான காரணம் என்று ஒரு வரி உண்டு. 'வெயில்' என்று எழுதினேன்.

கோப்பையிலிருந்து குப்பியில் ஊற்றியதும் மூடியை வீராங்கனைதான் திருக வேண்டும், அது விதி. திருகத் திருக டிக் டிக் என்று சத்தம் வரும். சத்தம் நின்றால் சீல் விழுந்துவிட்டது.

ஒரு டிக் கேட்டது. அவள் கை அப்படியே நின்றுவிட்டது. முதுகில் பந்தய எண் ஊக்குகளோடு இன்னும் இருந்தது. வெளியே ஹாரன் விடாமல் அடித்தது.

நான் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் குப்புற வைத்தேன்.

"பஸ் நிக்கட்டும்மா" என்றேன்.