இரண்டாவது கறிபாப்

"நோர்மா, கறிபாப் சத்து லாகி!"

கிழங்கு மசாலா அடைத்துப் பொரித்த அந்தப் பலகாரம் இன்னும் ஒன்று வேண்டுமாம்! அக்கா புஷ்பராணி சிற்றுண்டிக் கடையில் நின்ற பெண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்ததும் குலசேகரத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோலாலம்பூரில் அப்பா சாகக் கிடக்கிறார். இங்கே பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் மகள் வாய் ஓயாமல் மென்றுகொண்டிருக்கிறாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

காலை ஆறரைக்கு அவள்தான் போன் போட்டாள்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம் தம்பி, கெளம்பு."

"இப்பதான் இனிப்பு நீருக்கு இன்சுலின் ஊசி போட்டேன்க்கா. இதோ வரேன்."

"ஊசி போட்டுட்டியா? அப்ப பசியாறிட்டே வா."

பசியாறுவதாவது! அப்படியே ஓடி வந்தான். வந்து பார்த்தால் எட்டு மணி விமானம் ஒன்பதரைக்காம். இப்போது பத்தரை என்கிறார்கள். தீவிலிருந்து அக்கரைக்குப் பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. ஃபெர்ரியில் கடந்து காரில் போனால் பொழுது சாய்ந்துவிடும். அடித்துப் போட்ட மாதிரி உட்கார்ந்திருந்தான்.

"நீயும் ஒண்ணு கடிச்சுக்கோ தம்பி. கோப்பியில சீனி போடச் சொல்லியிருக்கேன்."

"எனக்குப் போய் சீனியா?"

"இன்னைக்கு ஒரு நாள் குடி லா."

"எனக்கு எறங்காது. உனக்கு மட்டும் எப்படிக்கா தொண்டையில எறங்குது?"

"பசிக்குது, சாப்பிடுறேன். சுடச்சுட நல்லா இருக்கு. நீயும் சாப்பிடு."

கல்நெஞ்சுக்காரி! அவன் கை வெடவெடவென்று நடுங்கியது. ஆத்திரத்தில்தான் என்று நினைத்தான். நெற்றி வேறு வியர்த்தது.

அக்கா அந்தக் கையையே பார்த்தாள். இரண்டாவது கறிபாப்பில் பாதியைக் கடித்து விழுங்கிவிட்டு, மீதியை அவன் தட்டில் வைத்தாள்.

"எனக்காக."

சண்டை போடத் தெம்பில்லை. தின்றான். கோப்பியையும் மடமடவென்று குடித்தான். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

அக்கா எழுந்து கழிவறைப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"என்னக்கா?"

"கறிபாப் காரம்."

தின்னவும் வேண்டியது, காரம் என்று குறை சொல்லவும் வேண்டியது! அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். வரிசையில் நிற்கும்போது யாரோ பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்தார்கள். சித்தப்பா அம்பிகைபாகன். கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைத்து ஓடி வந்திருக்கிறார்.

"மனசைத் தேத்திக்கப்பா. அண்ணன் விடியக்காலம் அஞ்சு மணிக்கே போயிட்டாரு. சேதி வந்ததும் அக்காவுக்குச் சொன்னேனே. இன்னைக்கு சாயங்காலமே எடுக்கிறாங்க. கொள்ளி வைக்கிறவன் நீ. அதுவரைக்கும் பச்சைத் தண்ணி பல்லுல படக்கூடாது, தெரியும்ல?"

குலசேகரம் அக்காவைப் பார்த்தான். அஞ்சு மணி. இவள் போன் போட்டது ஆறரைக்கு.

"தெரிஞ்சிருந்துமா தின்னே?"

புஷ்பராணி முந்தானையால் வாயை அழுத்தித் துடைத்தாள்.

"ஊசி போட்டுட்டேன்னு சொன்னியே தம்பி. நான் வாயைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, நீ சாப்பிட்டிருப்பியா?"