ஜமீனின் முதுகு

ஜமீன் என்ற கிழ நாய்க்கு முதுகெல்லாம் சொறி பிடித்து முடி கொட்டிப் போயிருந்தது. மாட்டாஸ்பத்திரியில் கொடுத்த களிம்போடு வீட்டுக்கார அம்மா சரோஜா வந்தாலே, அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

"மருந்து எரியுதா?" என்று கேட்டது அந்த வீட்டுப் பூனை.

"எரியலை. ஒரு காலத்துல நான் குரைச்சா தெருவே அடங்கும். இப்போ குட்டி மாதிரி என்னை உட்கார வச்சுத் தடவுறாங்க. மானம் போகுது."

"அப்போ சொறிஞ்சுக்கிட்டே கிட. உன் வயித்துல சாய்ஞ்சா எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குது. இனிமே நான் அடுப்படியில படுத்துக்கிறேன்."

ஜமீனுக்குத் திக்கென்றது. இத்தனை வருஷமாக அது தனியாகத் தூங்கியதே இல்லை. மெல்ல வெளியே வந்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு சரோஜா முன்னால் நின்றது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து களிம்பைத் தடவினாள். தன் கால் எட்டாத இடத்தில் அவள் விரல் பட்டதும் ஜமீனுக்குக் கண் சொருகியது. பின்னங்கால் தானாகவே காற்றைச் சொறிய ஆரம்பித்தது.

மறுநாள் அவள் களிம்பை எடுக்கும் முன்பே ஜமீன் வாசற்படியில் காத்திருந்தது.

"என்ன, அதுக்குள்ளே வந்துட்டே?" என்றது பூனை.

"பாவம், அந்த அம்மா என்னைத் தேடி அலையக் கூடாது பாரு," என்று சொல்லிவிட்டு, ஜமீன் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.