ராசியான ட்வீசர்

வெறும் கல் காந்தமாக இருந்தது.

இருக்கக் கூடாது.

அவள் கல்லைக் கழற்றி மறுபடி மாட்டினாள். கருவியின் மூடியைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினாள். திரையில் அதே வளையம் மெல்ல எழுந்து, வளைந்து, தன் வாலைத் தானே தொட்டு மூடிக்கொண்டது.

"சனியனே," என்றாள் கல்லைப் பார்த்து.

ஈயமும் மாலிப்டினமும் ஆக்சிஜனும் சேர்ந்த மஞ்சள் படிகம். அவளே உலையில் உருக்கி, இழுத்து, விரிசல் விடாமல் ஆறவைத்து வளர்த்தது. வேறு எந்த உலோகமும் கலக்காதது. காந்தம் இல்லாத கல்லுக்குத் திரையில் ஒரு கோடு வரும், அவ்வளவுதான். வளையம் வந்தால் காந்தம்; அவள் வளர்த்ததில் கோபால்ட் கலந்த கல்லுக்கு மட்டும் வந்த பாக்கியம் அது. அந்த வளையத்தை நம்பித்தான் கட்டுரை. கட்டுரையை நம்பித்தான் ஆய்வேடு. ஒரே கல்லில் ஒளியும் காந்தமும் என்று தலைப்பைக்கூடத் தட்டச்சு செய்தாகிவிட்டது.

இந்த லேபில் வெறும் கல்லை யாரும் அளப்பதில்லை. கேட்டால் சார் சிரிப்பார். "ஒண்ணுமே கலக்காததுல என்னம்மா இருக்கப் போவுது?"

அவளுக்குத்தான் ஒப்பிட்டுக் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி என்பார்கள். இங்கே ஆண்டி அவள்தான்.

கல்லைத் தாங்கும் குச்சியைத் துடைத்தாள். ஒட்டும் நாடாவை மாற்றினாள். கையுறையை மாற்றினாள்.

வளையம்.

வேறு எது தொட்டது?

மேஜைமேல் ட்வீசர் கிடந்தது, கல்லை எடுக்கும் சின்ன இடுக்கி. காம்பில் ஆயுத பூஜைச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

சாருடைய ட்வீசர். ராசியான ட்வீசர். காந்தம் அளக்கும் கல்லை இதால்தான் எடுக்க வேண்டும் என்பது லேபின் சட்டம். இதால் எடுத்த கல்லுக்கு வளையம் வராமல் போனதே இல்லை. ஜெபராணி அக்காவின் நிக்கல் கல்லுக்கு வந்தது. முருகையா அண்ணனின் மாங்கனீசு கல்லுக்கு வந்தது. இரண்டு பேரும் இப்போது டாக்டர்கள்.

நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தேய்ந்து, சொரசொரத்துப் போன எஃகு. தொட்ட கல்லிலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இரும்பை ஈஷிவிட்டுப் போகும் நுனி.

ராசியாம், ராசி.

கோபால்ட் கல்லை நீர்த்த அமிலத்தில் அலசினாள். பிளாஸ்டிக் கரண்டியால் எடுத்து உலர்த்தி மாட்டினாள்.

கோடு.

அவளுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. கல்மேல், ட்வீசர்மேல், வரிசையாகப் பட்டம் வாங்கிப் போனவர்கள்மேல். 'இந்த வருஷம் முடிஞ்சிரும்ப்பா' என்று வருடா வருடம் வீட்டில் சொன்ன பொய், இந்த வருடம்தான் உண்மையாகப் போவதாக இருந்தது.

பேராசிரியர் ஞானசுந்தரம் ஜாங்கிரிப் பெட்டியோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டுரைய ஏத்துக்கிட்டாங்கம்மா. முதல்ல வாயத் தொற."

அவள் வாயைத் திறந்தாள்.

"காந்தம் கல்லுல இல்ல சார். உங்க ட்வீசர்ல இருக்கு."

வெறும் கல்லின் வளையத்தைக் காட்டினாள். கழுவிய கல்லின் கோட்டைக் காட்டினாள். சார் மறுத்துப் பேசினால் சொல்வதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தாள். ஜெபராணி அக்கா, முருகையா அண்ணன், சந்தனம் எல்லாவற்றையும் சேர்த்துக் கொட்டிவிடத் தயாராக இருந்தாள்.

அவர் மறுக்கவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்கு மிக அருகில் குனிந்து பார்த்தார். பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியில் வைத்தார்.

"அந்த ட்வீசர் எங்க சார் எனக்குக் குடுத்தது," என்றார்.

தன் அறைக்குப் போய்விட்டார்.

போகட்டும், கோபித்துக்கொள்ளட்டும் என்று அவள் அமிலத்தைக் கொட்டப் போனாள்.

அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. உள்ளே பஞ்சு, பஞ்சின்மேல் ஒரு பழைய கல். லேபுக்கு யார் வந்தாலும் முதலில் காட்டுவது அதைத்தான். அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் கொடுத்த கல்.

"அதக் கொட்டாதம்மா. இதையும் கழுவிப் பாரு."

காலையிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் கோபம் வரவில்லை.

"வேணாம் சார்," என்றாள். "இருக்கட்டும்."

அவர் குப்பியைத் திறந்தார். கல்லை உள்ளங்கையில் கவிழ்த்து, அவள் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றார்.