லேசாக உருள வேண்டும்

கடைக்காரர் எடுத்துப் போட்ட ஒவ்வொரு டயரையும் பெரியவர் முகர்ந்து பார்த்தார், நகத்தால் கீறிப் பார்த்தார். விற்கிறவன் சொல்வதை அப்படியே நம்புகிற ஆள் இல்லை அவர்.

வெளியே காரில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி குரல் கொடுத்தாள். "ஏங்க, டயர் மாத்தியும் சரிவரலைன்னா நாளைக்கே காரை வித்துடணும், ஆமா!"

காரை விற்பதற்குப் பதில் காதை அறுத்துக் கொடு என்றாலும் பெரியவர் கொடுத்துவிடுவார்.

"இது மழையில வழுக்காதுங்க ஐயா. பிரேக் போட்டா அப்படியே நிக்கும்," என்றார் கடைக்காரர்.

"நிக்கிறதை யாருய்யா கேட்டா? லேசா உருளுமா, அதைச் சொல்லு."

"அப்போ இதை எடுங்க."

பெரியவர் அதை வாங்கி உருட்டிவிட்டார். அது கடையைத் தாண்டி ஓடி, வாசல் பூந்தொட்டியை உடைத்துவிட்டுத்தான் நின்றது.

"இதையே நாலு மாட்டு," என்றார் சந்தோஷமாக.

மாட்டி முடித்த கடைக்காரர், "அம்மா நல்லா ஓட்டுவாங்களோ?" என்று கேட்டார்.

"அவளா? கிளச்சை விடறதுக்கு மட்டும்தான் பழக்கி வச்சிருக்கேன்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு காரின் பின்னால் போனார் பெரியவர். டிக்கியில் இரண்டு கையையும் ஊன்றி ஒரு தள்ளு தள்ளினார். கார் வழுக்கிக்கொண்டு ஓடி, இருமி, உயிர் பெற்றது.

கடைக்காரர் வாயைப் பிளந்தார். "ஐயா, வண்டி ஸ்டார்ட் ஆகலைன்னா பேட்டரியைத்தானே மாத்தணும்?"

"பேட்டரி விக்கிறவனும் இதையேதான் சொன்னான்," என்றார் பெரியவர், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே. "அவன் பேச்சைக் கேட்டு ஏமாற நான் என்ன இளிச்சவாயனா?"