கடைசிக் கோட்டு

அபோண்டியின் மடியில் கிடந்த வெள்ளைத் துணிப் பொட்டலத்தைப் பார்த்ததும் கிசுமு நகரத்து வேனில் இருந்த பதினான்கு பேரும் கப்சிப். ஓட்டுநர் பாட்டை நிறுத்தினார். கூடைக்குள் கத்திய கோழியைக்கூட அதற்குச் சொந்தக்காரி அதட்டி அடக்கினாள்.

"எத்தனை மாசம்மா?" என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் மெல்லக் கேட்டார்.

"ஆறு," என்றாள் அபோண்டி. அழுதழுது அவள் குரல் தகரமாகியிருந்தது.

பெரியவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். வேன் அவளுக்காகவே மண்பாதைக்குள் திரும்பி, அவள் போகவேண்டிய வீட்டின் வேலிவரை வந்து இறக்கிவிட்டுப் போனது. ஏரிக்கரை வேன்களின் சரித்திரத்தில் அப்படி நடந்ததே இல்லை.

பொட்டலத்தில் இருந்தது ஒரு கோட்டு. செத்துப்போனது படம்.

அபோண்டி யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு இல்லை. படத்துக்குப் படம் உடை அலங்காரம் செய்பவள். இந்தப் படம் ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஏரிக் கப்பல் கதை. அந்தக் காலத்து உடுப்புக்காக ஆறு மாதம் வீடு வீடாக ஏறி, செத்துப்போன அப்பாக்களின் அலமாரிகளைக் குடைந்து இரவல் வாங்கினாள். படம் பாதி வளர்ந்திருந்தபோது இயக்குநர் போன் செய்தார்.

"நிறுத்தியாச்சு அபோண்டி. துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடு." ஒரு தும்மலுக்குக்கூட அதைவிட அதிக நேரம் ஆகும்.

எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்தாள். மிஞ்சியது ரிஸ்பா அம்மாவின் வயதான கணவர் ஒச்சோலா வாலிபத்தில் போட்டிருந்த இந்தக் காப்பிக்கொட்டை நிறக் கோட்டு. காலர் ஒவ்வொன்றும் விமான இறக்கை. தோள்பட்டையில் ஒரு சின்னக் குடும்பம் குடித்தனமே நடத்தலாம்.

மற்றவர்கள் தருவதற்கு ஆயிரம் யோசித்தார்கள். ரிஸ்பா அம்மா மட்டும், கணவரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகாத நிலையில், கிளம்பிவிட்ட வண்டிக்குப் பின்னால் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கோட்டைத் திணித்தார். அப்புறம் வாராவாரம் போன். "படம் நடக்குதா பொண்ணே? அவசரப்படாதீங்க. நல்லா மெதுவா எடுங்க."

உலகத்திலேயே அந்தப் படத்துக்கு இருந்த ஒரே ரசிகை. அவரிடம் போய் எப்படிச் சொல்வது என்றுதான் வழிநெடுக அபோண்டி மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள்.

வாசலில் ஒச்சோலாவின் தம்பி ஒயூகி, கதவின் அகலத்தைக் கயிற்றால் அளந்துகொண்டிருந்தார். அண்ணனின் தொப்பி, அண்ணனின் கால்சட்டை, அண்ணனின் செருப்பு. ஒச்சோலாவே கொஞ்சம் குட்டையாகித் திரும்பி வந்ததுபோல் இருந்தது.

"யாரு, சினிமாக்காரப் பொண்ணா? அண்ணன் கோட்டு எப்பம்மா வரும்? மத்ததெல்லாம் பங்கு போட்டாச்சு. அது ஒண்ணு வராம எங்க வீட்டுத் துக்கமே முடியாம நிக்குது."

"அம்மாகிட்ட சொல்றேன் அய்யா." தந்தவர் கையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று அபோண்டி பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"சொல்லு, சொல்லு. புதுக் கதவு போடப்போறேன். இது திறந்தா கழுதை மாதிரி கத்துது, ஊரே முழிச்சுக்கும்." பொட்டலத்தை எட்டிப் பார்த்தார். "கொழந்தை தூங்குதா? சரி, பாத்துப் போ."

உள்ளே ரிஸ்பா அம்மா பால் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு அந்த முகம் ரொம்ப வாடியிருந்தது. அவளைக் கண்டதும் அது மலர்ந்தது.

"வா பொண்ணே. படம் இப்ப எதுவரைக்கும் வந்திருக்கு?"

வழியில் மனப்பாடம் செய்த பேச்செல்லாம் அபோண்டிக்கு மறந்துபோனது. "நின்னு போச்சும்மா," என்று பொட்டலத்தைப் பிரித்தாள்.

ரிஸ்பா அம்மா கோட்டைப் பார்த்தார். கோப்பை சாய்ந்து தேநீர் தரையில் ஓடியது, அவர் கவனிக்கவில்லை.

"மழைக்காலம் முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிப்பாங்கல்ல?"

"இல்லம்மா."

"அடுத்த வருஷமாவது?"

அபோண்டி தலையாட்டி மறுத்தாள். ரிஸ்பா அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுத அழுகையில் அவளும் கரைந்துபோனாள். கணவரைப் புதைத்த அன்றுகூட இப்படி அழுதிருக்க மாட்டார் என்று பட்டது.

"ஒரு காட்சி எடுத்தோம்மா. கப்பல் மேல, காத்துல காலர் படபடன்னு அடிச்சுது. அய்யாவே நிக்கற மாதிரி இருந்துச்சு. வேற படம் கிடைச்சா கண்டிப்பா போடுறேன். அதுவரைக்கும் உங்க கிட்டயே பத்திரமா இருக்கட்டும்."

ரிஸ்பா அம்மா கண்ணைத் துடைத்தார். எழுந்து போய் அந்தக் கழுதைக் கதவைச் சாத்தினார். கோட்டைப் பழையபடி வெள்ளைத் துணியில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அபோண்டியின் மடியிலேயே திரும்ப வைத்தார்.

"எடுத்துட்டுப் போயிடு. படம் நடக்குதுன்னு சொல்லு. இன்னும் பத்து வருஷம் எடுக்கணும்னு சொல்லு."

"பழைய கோட்டும்மா இது. பங்குல போனாத்தான் என்ன?"

ரிஸ்பா அம்மா கதவுப் பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"கோட்டு பங்கு போனதும், எங்க வழக்கப்படி அடுத்து கொழுந்தனாரு பங்கு நான்தான்."